நண்பனின் ஞாபகார்த்த இசை நிகழ்ச்சி: கணக்குத் திறக்க அலைந்த கதை

எங்கள் நண்பன் தபேலாக் கலைஞன். கொழும்பில் மேடை ஏறிய எத்தனையோ தமிழ் இசைக்குழுக்களுக்கு வாசித்தவன். சம்பளம், ஓய்வூதியம் எதுவும் இல்லாத தொழில். பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுடைய படிப்புக்காக வெள்ளவத்தையில் ஒரு ஞாபகார்த்த இசை நிகழ்ச்சி நடத்தினோம். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரு சதமும் வேண்டாம் என்று உடனேயே சொல்லிவிட்டார்கள். மண்டபம் நிறைந்தது. அதுவரை பட்ட பாட்டைத்தான் எழுதவேண்டும். இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கு உதவும்.

காசு யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக்கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நண்பர்கள் அனுப்பத் தயாராக இருந்தார்கள். ரிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கு இலக்கம் வரவேண்டும், ஆகவே அச்சுவேலையும் அதற்காகக் காத்திருந்தது.

எங்கள் குழுவின் பெயரில் கணக்குத் திறக்கக் காலி வீதியில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். கூட்டக் குறிப்பும் அடையாள அட்டைப் பிரதிகளும் போதும் என்றார்கள். கொண்டுபோன அன்று கவுண்டரில் வேறு ஆள். குழுவின் யாப்பு, அதாவது அமைப்பு விதிகள் எங்கே, பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் கூடிய நண்பர்களிடம் பதிவு எப்படி இருக்கும்? அது அவர்களுடைய விதி என்றால் சரி, முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அப்புறம் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அது சிங்களத்தில் இருந்தது. அதில் உள்ள பெயரும் நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பெயரும் பொருந்தவில்லையாம், மனைவியைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அவன் மனைவியைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவதா? முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

வேறொரு வங்கியில் வேலை செய்த ஒரு தங்கச்சி முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "ஏன் அண்ணா குழுவின்ர பெயர்? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கூட்டுக் கணக்குத் திறவுங்கோ. ரெண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்று போட்டுவிடுவம்." அன்று மத்தியானத்துக்குள் கணக்கு இலக்கம் கையில். முதல் வங்கியில் ஒருவராவது இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. பதிவு இல்லாத நண்பர் கூட்டம் என்றால் நேராக இதையே கேளுங்கள். வரவு செலவை வாரா வாரம் எல்லோருக்கும் அனுப்புங்கள், ஒரு பேச்சும் எழாது.

ரிக்கெட்டுக்கு மாநகர சபை போடும் களியாட்ட வரி விஷயம் சிக்கலில்லாமல் முடிந்தது. ரிக்கெட் விற்கத் தொடங்கும் முன்பே மாநகர சபைக்குப் போங்கள், காசு எதற்குப் போகிறது என்று விளக்கும் கடிதமும் கையில் இருக்கட்டும். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸில் எழுத்தில் விண்ணப்பித்தோம். இரவு 10 மணிக்குப் பிறகு கேட்டுப் பயனிருக்கவில்லை. 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி காலை 6 மணிவரை அனுமதி இருக்கவில்லை. ஒன்பதரைக்கு முடிகிற மாதிரிப் பாட்டுப் பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள், நன்றியுரை எப்படியும் நீளும்.

தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் நாங்கள் கேட்ட திகதி ஏற்கெனவே போயிருந்தது. கிடைத்த மண்டபத்தில் சவுண்ட்காரர் பெட்டிகளை இறக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்தே வாடகை நேரம் ஓடுமாம். பதிவு செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் நண்பனிடம் தபேலா படித்த பிள்ளைகளின் ஒத்திகை நேரம் அதிலேயே போய்விட்டது. ஒத்திகை இல்லாமல் ஏறிய அந்தப் பிள்ளைகள் ஒரு இடத்திலும் தாளம் பிசகாமல் வாசித்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. அன்று எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சேர்ந்த காசு பிள்ளைகளின் பெயரில் வைப்பிலிட்டாயிற்று. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தில்தான் பிரச்சினை. ஜெனரேட்டருக்கு என்று ஒரு தொகையைக் கழிக்கப் பார்க்கிறார்கள். நிகழ்ச்சி நேரத்தில் கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. பற்றுச்சீட்டும் ஒப்பந்தப் பிரதியும் எங்களிடம் இருக்கின்றன. அதுவும் அந்தப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய காசு, வாங்காமல் விடமாட்டோம்.