தலைக்கு எவ்வளவு?

திருமலையில் நாம் இறக்கி வைக்கும் முடியை ஏலம் விட்டுத் தேவஸ்தானம் கோடிக்கணக்கில் காசு பார்க்கிறது. முடிக்குத்தான் அங்கே மதிப்பு. தலை யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் குப்பை கொட்டும் சிட்னியில் கதை நேர்மாறு. என்னைப் போன்றவர்களின் குட்டை முடி நேராகத் தொட்டிக்குப் போய்விடும். எந்தத் தலை மொட்டையாகிறது என்பதற்குத்தான் காசு.

லூக்கேமியா ஃபவுண்டேஷன் 1998 முதல் 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் ஷேவ்' என்று ஒன்றை ஆஸ்திரேலியா முழுக்க நடத்துகிறது. மார்ச் வந்தால் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எங்காவது ஒரு தலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். மொட்டை போடலாம், முடியை வெட்டிக்கொள்ளலாம், கலர் அடிக்கலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் பணம் போட வேண்டும். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்களின் ஜாகைக்கும் அந்தப் பணம் போகிறது. 2 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் வரி கட்டும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மணி ரசீதைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பாதிப் பேருக்குத் தர்ம சிந்தனையே வந்தது.

இந்த வருடம் யார் தலை என்ற பேச்சு வந்தபோது, ஏற்கெனவே வழுக்கையான ஒருவர் முந்திக்கொண்டு கை தூக்கினார். "உனக்கு எவன் காசு தருவான்?" என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். மனுஷர் விடவில்லை, தாடிக்கு ஊதா கலர் அடித்துக்கொள்கிறேன் என்று தன் பங்குக்கு வசூலைத் தொடங்கிவிட்டார். அடுத்து எல்லாரும் திரும்பிப் பார்த்தது என்னை. நாற்பதைத் தாண்டியும் அடர்த்தி குறையாத தலை என்று எனக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. அதற்குத்தான் விலை வைத்தார்கள்: 1000 டாலர் இலக்கு. மீசையையும் எடுத்தால் மேற்கொண்டு 100 என்றார் மேனேஜர். மீசை என் மனைவியின் அதிகார வரம்புக்குள் வருவது என்று சொல்லித் தப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் சமையலறையில் நாற்காலி போட்டார்கள். பழநியில் தண்ணீரைத் தெளித்து நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. இங்கே மெஷினைப் பிடித்த மேனேஜர், நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை நடுவில் ஒரு ரோடு போட்டுவிட்டு அப்படியே நிறுத்திவிட்டார். கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்தேன். "இதுவரை வந்தது 640 டாலர். அதற்கு இவ்வளவு போதும்" என்றார் அக்கவுண்ட்ஸ் அம்மணி. பாக்கி வந்தால்தான் பாக்கித் தலையாம்!

இரண்டு மணிக்கு எனக்கு மெல்போர்ன்காரர்களோடு வீடியோ மீட்டிங். கேமராவை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. பட்ஜெட்டைப் பற்றி நான் பேசப் பேச, எதிரில் ஒருவரும் ஸ்லைடைப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும் மிகவும் தணிந்த குரலில், "எல்லாம் நலம்தானே?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மெல்போர்னிலிருந்தே மிச்சப் பணம் வந்து சேர்ந்தது. அந்த மீட்டிங்கில் வேறு உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.

சனிக்கிழமை தொப்பி இல்லாமல் புல் வெட்டினேன். மார்ச்சிலும் சிட்னி வெயிலுக்கு இரக்கம் கிடையாது. உச்சந்தலை செக்கச்செவேலென்று காந்தியது. திங்கள் காலை மனைவி, "மொட்டை போட்டா இதைத் தடவணும்னு கூடவா மறந்துபோச்சு?" என்று தலை நிறையச் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டாள். குளுகுளுவென்று இருந்ததால் கழுவ மனம் வரவில்லை, அப்படியே ரயிலேறிவிட்டேன். ஆபீஸில் கால் வைத்ததும் கைதட்டல். "மொட்டையோடு கலரும் அடித்துவிட்டான்!" நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கவுண்ட்ஸ் அம்மணி கலருக்கென்று தனியாக 85 டாலர் வசூலித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஊதாத் தாடிக்காரர்தான் அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாரக்கடைசி முழுக்க அம்மாவின் வீடியோ காலைத் தொப்பியோடு சமாளித்திருந்தேன். திங்கள் இரவு அது செல்லவில்லை.

"வீட்டுக்குள்ள எதுக்குடா தொப்பி? எடு."

எடுத்தேன். அம்மா போட்ட சத்தத்தில் கும்பகோணத்தில் அக்கம்பக்கம் திரண்டிருக்கும். "அடப்பாவி, அப்பா இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்காருடா!" சாட்சிக்கு அப்பா திரைக்குள் தலையை நீட்டி, "இருக்கேன்" என்றார்.

நோயாளிகளுக்காக என்று புரிந்ததும் அம்மா அடங்கினாள். தொகையை ரூபாயில் சொன்னதும் அப்பாவின் முகத்தில் தனி மரியாதை தெரிந்தது. இதுதான் சமயம் என்று, நான் பிளஸ் டூ பாஸானதற்காக அம்மா வேண்டிக்கொண்டு இன்றுவரை பாக்கி நிற்கும் பழநி மொட்டையைப் பற்றி எடுத்தேன். "புண்ணிய காரியம்தானேம்மா, முருகன் இதையே வரவு வெச்சுக்க மாட்டாரா?"

"கழிக்கறதுக்கு இது என்ன உன் இன்கம்டாக்ஸா? முடி வளரட்டும், டிசம்பர்ல வந்து போடு. மொட்டைக்குக் காசுகூட வேண்டாம், 2021லயே இலவசம்னு ஆக்கிட்டாங்க."

அப்பா மறுபடி தலையை நீட்டினார். "அந்த மொட்டைக்கும் உங்க ஆபீஸ்ல ஏதாவது தேறுமான்னு கேட்டுப் பாரேன்டா."