தேய்மானத்தில் தெரியும் வேகம்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வேகமான ஹேட்ச்பேக்குகளும், பின்பக்கம் நீண்டு பெரிய டிக்கியோடு இருக்கும் ஸ்டேஷன் வேகன்களும்தான் அதிகம் வருகின்றன. 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஒரு லிஃப்டில் நிற்கும். பக்கத்து லிஃப்டில் அதன் எட்டாம் தலைமுறை. இரண்டுக்கும் அடியில் நின்று வேலை செய்கிறவனுக்கு, இந்த வண்டிகள் எப்படி மாறின என்பது டயரிலும் பிரேக் டிஸ்கிலும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷிலும் தெரிந்துவிடும்.

முதல் ஜிடிஐ 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. எஞ்சினுக்குப் பெட்ரோல் செலுத்தும் அதன் கே-ஜெட்ரானிக் முறையில் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு ஒரு பிளஞ்சரைத் தள்ளும், அதற்கேற்ப பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பிரஷர் கேஜை மாட்டிவிட்டு, ஆலன் கீயால் கலவையை மெதுவாகத் திருப்பும்போது எஞ்சின் சத்தம் சீராவது காதிலேயே கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 5,000 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கிய கார், முதல் தலைமுறையிலேயே நான்கரை லட்சத்தைத் தாண்டியது.

எட்டாம் தலைமுறை வந்தபோது 245 குதிரைத்திறன். எடையும் 1,400 கிலோவுக்கு மேல் போய்விட்டது. கணக்குப் போட்டால் அன்று ஒரு குதிரைத்திறனுக்கு 7.4 கிலோ, இதில் கிட்டத்தட்ட 6 கிலோ. கூடிய சக்தியில் பெரும்பகுதி கூடிய எடையை இழுக்கவே சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த எடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மோதி வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது அந்த இரும்புதான்.

என் பார்வையில் உண்மையான முன்னேற்றம் எஞ்சினைவிட சக்கரத்தின் பக்கம்தான் நடந்தது. முன்சக்கர இயக்கத்தில் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரம் திரும்பும் அச்சு, சக்கரத்தின் நடுவிலிருந்து தள்ளி இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2004-இல் வந்த ரெனால்ட் மெகான் ஆர்எஸ் அந்த அச்சைத் தனியாகப் பிரித்து சக்கரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. 2009 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ் அதே யோசனையோடு, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலையும் சேர்த்து, 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பியது. அப்புறம் நான்கு சக்கர இயக்கம் பரவியது. 2019-இல் மெர்சிடிஸின் ஏஎம்ஜி ஏ45 எஸ் 2 லிட்டர் எஞ்சினில் 421 குதிரைத்திறன் கொடுத்தது.

வேகன் என்றால் எனக்கு 1994-இன் ஆடி ஆர்எஸ்2 தான். ஆடி 80 வேகனை எடுத்து, இங்கே ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் பகுதியில் போர்ஷே கட்டிக் கொடுத்த வண்டி. 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், டர்போ, 315 குதிரைத்திறன். பிரேக்கும் 17 இஞ்ச் சக்கரமும் போர்ஷேவுடையவை. மொத்தமே சுமார் 2,900 வண்டிகள். குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு 260 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று அது காட்டியது. பிஎம்டபிள்யூ 2000-இலேயே ஒரு எம்3 வேகனைச் செய்து பார்த்தது, விற்பனைக்கு விடவில்லை. 2022-இல்தான் எம்3 டூரிங் என்ற பெயரில் அந்த வேகன் விற்பனைக்கு வந்தது.

இந்த வேகன்களை நான் விரும்பக் காரணம், சொந்தக்காரர்கள் அவற்றை முழுதாகப் பயன்படுத்துகிறார்கள். டிக்கி விளிம்பில் சைக்கிள் ஏற்றிய கீறல் இருக்கும். அதே வண்டியின் முன் டயரில் வெளி ஓரம் வளைவுகளில் கரைந்திருக்கும். நான் வேலை செய்ய ஆசைப்படுவது இப்படிப்பட்ட வண்டிகளில்தான்.

பழைய வேகன் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், அது முன்சக்கரத்தில் ஓடி, தேவைப்படும்போது ஒரு க்ளட்ச் மூலம் பின்சக்கரத்தையும் இணைக்கும் வகை என்றால், அந்தக் க்ளட்சின் ஆயிலைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன். க்ளட்ச் தேயத் தேய அந்தத் துகள் ஆயிலில் கலந்து, பம்ப்பின் சின்ன வலையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, பம்ப்பைக் கழற்றி வலையையும் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் பம்ப் ஒருநாள் எரிந்துபோகும். அதன்பிறகு வண்டி முன்சக்கரத்தில் மட்டும் ஓடும். காய்ந்த சாலையில் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமலேகூடப் போகலாம். அதனால் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் பேரம் பேசும்முன் ஒருமுறை லிஃப்டில் ஏற்றிவிடுங்கள்.