ஏஎஃப்டி ஸ்டாப்பிங்கில் ஏறியவர்கள்

1986இல் கடலூர்–புதுச்சேரி தடத்தில் ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் நடத்துனராகச் சேர்ந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் எடுத்தால் மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், அப்புறம் முதலியார்பேட்டையில் ஏஎஃப்டி பஞ்சாலை ஸ்டாப்பிங். முதல் நடை விடிகாலை நாலரைக்கு. கடைசி நடை முடிந்து கலெக்ஷனை எண்ணிக் கொடுக்கும்போது இரவு பத்தரை ஆகிவிடும். படுக்கை பேருந்து சீட்டில்தான். இரண்டு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளுக்குப் பேட்டா கிடையாது.

காலை ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளர்கள் எங்கள் வண்டியில் வருவார்கள். ஷிப்டு முடிந்து ஏஎஃப்டியில் ஏறும்போதும் அதே வண்டி, அதே டிரைவர், அதே நான். அவர்களில் ஒரு பெரியவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டே கேட்டார்: "நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா தம்பி?" ராத்திரிதான் முடியும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் இல்லாத நாட்களில் என் பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்துபோனார்கள். அந்தத் தொழிலாளர்களைத் திரட்டியவர் வ. சுப்பையா. அடுத்த ஆண்டே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்போது பெண்ணையாற்றுக்குத் தெற்கே, பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைக்காரர்களை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்கலாம். "எங்கப்பன் அதுல இருந்தவரு. அதனாலதான் நான் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போறேன்" என்றார். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்த எட்டு மணி நேரக்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த எனக்கு வேலை பதினெட்டு மணி நேரம்.

எங்களுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொன்னது. ஆனால் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. எங்கள் முதலாளிக்கு நான்கு வண்டி. ஒன்று அவர் பெயரில், ஒன்று மனைவி பெயரில், மற்றவை மகன், மைத்துனர் பெயர்களில். ஒரு வண்டிக்கு டிரைவர், கண்டக்டர், கிளீனர். காகிதத்தில் எங்கேயும் ஐந்து பேர் சேரவே மாட்டோம்.

இதை எங்களுக்கு விளக்கியவர் அரசுப் பேருந்து நடத்துனர் ஒருவர். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதிலிருந்து அவர்கள் பக்கம் சங்கங்கள் வலுவாக இருந்தன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் பேசிப் பழகியவர்கள். எங்கள் முதல் மனுவை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அன்றைக்கு ஒரு சங்கம் பதிவு செய்ய ஏழு கையெழுத்து போதும்.

ஏழு பேர். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. 1991இல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் ஆறு பேர் போட்டுவிட்டோம். ஏழாவது ஆள் கிடைக்கவே ஒன்றரை மாதம் ஆனது. கடைசியில் போட்டவர் எங்கள் வண்டி டிரைவர். வயதில் மூத்தவர், மூன்று பெண் பிள்ளைகள். பேனாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போட்டார்.

அடுத்த வாரமே அவருக்குப் பதில் ஆக்டிங் டிரைவர் வந்துவிட்டார். முதலாளியிடம் போய்க் கேட்டோம். மறுநாள் இரண்டு வண்டி முதல் நடையை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் வேறு ஆட்களை வைத்து ஓட்டிவிட்டார்கள். எங்களால் அவருக்கு அந்த வேலையை மீட்டுத் தர முடியவில்லை. வேறொரு வண்டியில் அவர் ஏறும்வரை ஐந்து மாதம், ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் போட்டு அவர் வீட்டில் கொடுத்தோம். சங்கத்தின் முதல் கணக்கு நோட்டில் முதல் பக்கம் முழுக்க அந்தப் பத்து ரூபாய்கள்தான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் மனசு கலங்குகிறது.

அந்தப் பத்து ரூபாயைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். நாங்கள் பேசிய பேச்சுக்கு யாரும் வரவில்லை. கைவிட மாட்டார்கள் என்று தெரிந்ததும் இருபது பேர், நாற்பது பேர் என்று சேர்ந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, எல்லா வண்டியிலும் இல்லாவிட்டாலும், சில வண்டிகளில் மத்தியானம் ஆள் மாற்றினார்கள். நைட் ஹால்ட்டுக்கு ஒரு அறை கிடைத்தது. முதல்முறை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனபோது என் சின்ன மகள் "உடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டாள்.

ஏஎஃப்டி ஆலை 2020இல் மூடப்பட்டது. புதுச்சேரி பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது, 2024இல், பேருந்துகளையெல்லாம் அந்த ஏஎஃப்டி திடலில் நிறுத்தினார்கள். வேலையிலிருந்து நின்று ஏழு ஆண்டு ஆகியிருந்தது. வேறு வேலையாகப் போனவன், கடலூர் வண்டி நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். படிக்கட்டில் ஒரு சின்னப் பையன், பையை மடியில் வைத்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை மணிக்கு ஏறினாய் என்று கேட்டேன்.

"நாலரைக்குண்ணா."

அப்போது மணி மாலை ஆறு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் சங்கச் செயலாளரின் போன் நம்பரை அவன் டிக்கெட் கட்டின் பின்அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.