இரண்டு கார்னர், ஒரே தலை

பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் பிஎஃப்சி (பெங்களூரு எஃப்சி) தோற்ற ராத்திரியில், கப்பன் பார்க் மெட்ரோவை நோக்கி நடக்கும் கூட்டத்தில் திட்டு வாங்குவது மூன்றே மூன்று பேர்தான். கோல்கீப்பர், கோல் விழுந்தபோது பக்கத்தில் நின்ற டிஃபெண்டர், கிடைத்த சான்ஸை வெளியே அடித்த ஸ்ட்ரைக்கர். "அவன் இன்னிக்கு ஆடவே இல்ல மச்சா" என்று தொடங்கி, அல்சூர் ஸ்டேஷன் வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள். விவரம் தெரியாத கூட்டம் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. கௌதமபுராவில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிற ஊர் இது. பிரச்சனை எங்கே என்றால், எல்லோரும் கோலைப் பார்க்கிறார்கள், கோலுக்கு முந்தைய பத்து நொடியை விட்டுவிடுகிறார்கள்.

இதைப் பேச 2018 மார்ச் 17-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், கண்டீரவா, எதிரே சென்னையின் எஃப்சி. லீக்கில் 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் வந்த அணி பெங்களூரு, சென்னைக்கு 32. பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகாவின் பெங்களூரு அணி 9-வது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றது: உதாந்தாவின் கிராஸ், சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். 17-வது நிமிடம் சென்னையின் தரப்பில் கிரெகரி நெல்சன் மைதான மூலையிலிருந்து எடுத்த கார்னர், மெயில்சன் ஆல்வஸ் தலை, 1-1. 45-வது நிமிடம் மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மெயில்சனின் தலை, 1-2. 67-ல் பாக்ஸுக்கு (பெனால்டி கட்டத்துக்கு) வெளியிலிருந்து ரஃபேல் அகுஸ்டோ, 1-3. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த இஞ்சுரி டைமில் பெங்களூருவின் ஸ்ட்ரைக்கர் மிக்கு ஒன்று போட்டும் 2-3 என்றே முடிந்தது. பெங்களூரில் இருக்கும் தமிழர் வீடுகளில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்து பார்த்த மேட்ச் அது. இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை.

கார்னரில் கோல் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது, தலை பந்தைத் தொட்ட இடம் எது என்பதுதான். கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி 5.5 மீட்டர் ஆழம். அதற்குள்ளே, பந்து உயரமாகவும் மெதுவாகவும் வந்து தலையில் பட்டால் கோல்கீப்பரைக் கேட்கலாம். அதற்கு வெளியே, எட்டு ஒன்பது மீட்டரில் பட்டிருந்தால் கீப்பரைத் திட்டுவது அநியாயம். கார்னர் கொடியிலிருந்து கிட்டே இருக்கும் போஸ்ட்டுக்கு ஏறக்குறைய 30 மீட்டர். வேகமாக அடித்த பந்துக்கு ஏறக்குறைய ஒன்றரை நொடி. அந்த நேரத்தில் பெங்களூருவின் குர்ப்ரீத் மாதிரி உயரமான கீப்பர்கூட, ஏழெட்டுப் பேர் முட்டிமோதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவ்வளவு தூரம் வர முடியாது. வந்து பந்து கையில் படாவிட்டால் காலி கோல்.

அடுத்தது மார்க்கிங், அதாவது எதிரணி ஆட்களைக் காவல் காப்பது. சோனலா (ஆளுக்கு ஒரு இடத்தைக் காப்பது), ஆளுக்கு ஆளா என்பது தெரியாமல் "யாருடா அவனை விட்டது" என்று கேட்பதில் பொருளில்லை. ரீப்ளேயை நிறுத்திப் பாருங்கள். முதல் நிறுத்தம், கார்னர் எடுப்பவரின் கால் பந்தைத் தொடும் கணம். டிஃபெண்டர்கள் சின்னப் பெட்டியின் கோட்டில் வரிசையாக, பந்தைப் பார்த்து நின்றால் சோனல். ஒவ்வொருவரும் ஒருவனைக் கையால் தொட்டுக்கொண்டு பாதி பந்தை, பாதி ஆளைப் பார்த்து நின்றால் மேன் மார்க்கிங். பெரும்பாலான அணிகள் இரண்டையும் கலப்பார்கள்: மூன்று நான்கு பேர் இடம் காப்பார்கள், மீதிப் பேர் எதிரணியின் உயரமானவர்களுடன் ஓடுவார்கள். இரண்டாவது நிறுத்தம், பந்து பாதி தூரம் வந்த கணம். இப்போது தலையால் அடிக்கப்போகிறவனின் மார்க்கர் எங்கே இருக்கிறார்? ஒரு கை தூரத்தில் இருந்தும் குதிப்பதில் தோற்றிருந்தால், அது அந்த ஆளின் தோல்வி. இரண்டு மீட்டர் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால், நடுவில் யாரோ குறுக்கே நின்று தடுத்திருக்கிறார்கள். அதைத்தான் பிளாக் என்பார்கள். ரெஃபரி ஊதாதவரை அது எதிரணியின் நல்ல திட்டம். மார்க்கருக்கு மட்டும் மைனஸ் போட முடியாது.

சோனலில் இருப்பவர் தன் இடத்தை விட்டு நகரவில்லை என்று குறை சொல்வதும் இதே வகைதான். அவர் வேலையே அந்த இடம். நின்ற இடத்திலிருந்து குதிப்பவர், ஐந்தாறு அடி ஓடிவந்து குதிப்பவரிடம் தோற்பது சோனலின் பிறவிக் குறை. அதனால்தான் ஓடி வருகிறவனின் வழியில் ஒருவரை நிறுத்தி வேகத்தை உடைப்பார்கள்.

என் கருத்து இதுதான்: 17-வது நிமிடத்துக் கோல் ஒரு ஆளின் தவறாக இருக்கலாம். 45-வது நிமிடத்துக் கோல் அப்படி இருக்கவே முடியாது. அதே கால், அதே தலை, இடையில் 28 நிமிடம். முதல் கோலுக்குப் பிறகு மெயில்சனை வேறொருவரிடம் ஒப்படைத்தார்களா, அவர் ஓடி வரும் பாதையில் ஆள் போட்டார்களா, அதைவிட முக்கியமாக, இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கார்னரே போகாமல் பந்தைப் பக்கவாட்டில் த்ரோவுக்குத் தட்டிவிட வழி இருந்ததா? இந்தக் கேள்விகள் பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும் போக வேண்டியவை. இரண்டாவது கோலுக்கும் ஒரு டிஃபெண்டரின் பெயரை மட்டும் சொல்லித் திட்டுகிறவர்கள் மேட்ச்சைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

கண்டீரவாவில் நேரில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது அத்லெட்டிக்ஸ் ஸ்டேடியம். ஸ்டாண்டுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓடுகளம் முழுசாகக் கிடக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்து ஆழம் தட்டையாகத் தெரியும்; மூன்று மீட்டர் இடைவெளி ஒட்டி நிற்பது போல இருக்கும். "பக்கத்துலயே நின்னுட்டுச் சும்மா பார்த்தான்" என்ற குற்றச்சாட்டில் பாதி அங்கேதான் பிறக்கிறது. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால் அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சென்னை போட்ட மூன்றாவது கோலைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள், அதுதான் மிட்ஃபீல்டின் பரீட்சை. பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஒருவன் தலை நிமிர்ந்து அடிக்க நேரம் கிடைக்கிறது என்றால், சென்டர் பேக்குகளுக்கு (நடு டிஃபெண்டர்களுக்கு) முன்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் காலியாக இருந்திருக்கிறது. அங்கே நிற்க வேண்டிய ஹோல்டிங் மிட்ஃபீல்டர் சமன் செய்யும் அவசரத்தில் மேலே போயிருப்பார். ஹோம் டீம் பின்தங்கியிருக்கும் எல்லா மேட்ச்சிலும் இது நடக்கும். ஓரத்து டிஃபெண்டர்களான ஃபுல் பேக் இரண்டு பேரும் ஏறிவிடுவார்கள், பந்து பறிபோனதும் இரண்டு சென்டர் பேக் அரை மைதானத்தைக் காக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வேகத்தில் தோற்கும் சென்டர் பேக்குக்கு, ஆட்டம் 0-0-ல் இருக்கும்போது வேகத்தில் தோற்பவருக்குப் போடும் அதே மார்க்கைப் போடக்கூடாது.

பாஸ் சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மிட்ஃபீல்டர் 60 பாஸ் கொடுத்து 54 சேர்ந்தால் 90 சதவீதம், அபாரம். அதில் 40 பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்குக் கொடுத்து, எல்லாமே சேர்ந்தவை என்று கழித்துப் பாருங்கள். மிச்சம் 20-ல் 14 தான் சேர்ந்திருக்கிறது, 70 சதவீதம். இன்னொருவர் 40 கொடுத்து 30 சேர்ந்திருப்பார், 75 சதவீதம், ஆனால் அதில் பாதி எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டிய பாஸாக இருக்கும். தோற்ற மேட்ச்சில் யார் ஒளிந்தார், யார் பொறுப்பெடுத்தார் என்பது இந்தக் கழித்தலில் தெரியும்.

ஸ்ட்ரைக்கரையும் கோல் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். மிக்கு அன்றைக்குக் கோல் போட்டார், சேத்ரியும் போட்டார்; அணி தோற்றது. பாக்ஸுக்குள் எத்தனை முறை பந்தைத் தொட்டார், கோலைப் பார்த்தபடி எத்தனை முறை வாங்கினார், பந்து வராவிட்டாலும் எத்தனை முறை டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு ஓடினார் என்று எண்ணுங்கள். ஓடியும் பந்து வரவில்லை என்றால் ஓரத்திலிருந்து பந்து தரும் விங்கரிடம் கேளுங்கள்.

பெனால்டி பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸிடம் இந்தியா 1-2 என்று தோற்றபோது இரண்டு பெனால்டிகள் வீணாயின. நம்முடைய ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. பெனால்டி விட்டவர் தோற்கடித்தார் என்று அந்த மேட்ச்சை ஒரு வரியில் முடித்துவிட்டால், பெரிய அணி ஒன்றுக்கு எதிராக இரண்டு பெனால்டி வாங்கும் அளவுக்கு நம் ஆட்கள் முன்னேறி ஆடியது யார் கணக்கில் வரும்?

பத்துக்கு இத்தனை என்று ரேட்டிங் போடுவதாக இருந்தால் அன்றிரவே போடாதீர்கள். மறுநாள் காலையில் முழு மேட்ச்சையும் ஓடவிட்டு, ஒவ்வொரு கோலுக்கும் மூன்று பாஸ் பின்னால் போய், பந்து எங்கே பறிபோனது, யாரிடம் பறிபோனது என்று எழுதிக்கொண்டு போடுங்கள். பதினொரு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுத்த ஹோம் மேட்ச்சுக்குப் போகும்போது, நம் பக்கம் விழும் முதல் கார்னரில் பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணியின் உயரமான ஆளையும், அவன் முதுகில் கை வைத்திருப்பது யார் என்பதையும் மட்டும் பாருங்கள். இரண்டாவது கார்னரிலும் அதே ஆள்தான் நிற்கிறாரா என்றும் பாருங்கள்.