ரேஸ் ஓட்டியதைவிட ஃபைல் தூக்கியதே அதிகம்: ஒரு அமெச்சூர் சீசன்

சீசன் முடிந்து கார் ஷெட்டில் நிற்கிறது, டயர்களைக் கழற்றி அடுக்கியாயிற்று, கழுத்து வலிகூடப் போய்விட்டது. அந்த பெல்ட் விஷயத்தில் வந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த வளைவில் எந்த கியர், எங்கே பிரேக் பிடிப்பது என்பதுதான். உரிமம், படிவம், விதிகள் என்று சுமக்க வேண்டிய ஃபைலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. என் சீசனில் பாதி உயிர் அந்த ஃபைலில்தான் போனது, அதனால் அதையே எழுதுகிறேன்.

பயிற்சிப் பள்ளி, எழுத்துத் தேர்வு, கொடிகளை அடையாளம் சொல்வது, இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மாட்டிக்கொண்டது மருத்துவப் படிவத்தில். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண் பார்த்தார், கொடியின் நிறம் தெரியாவிட்டால் உரிமம் கிடையாது என்பதால் நிறப்பார்வையையும் சோதித்தார், கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். உரிமம் தரும் அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, ஒரு பக்கத்தில் முத்திரை இல்லை என்று திருப்பித் தந்தார். சரி, முத்திரை வாங்கிக்கொண்டு போனேன். இப்போது ரத்தப் பிரிவு எழுதும் கட்டம் காலியாக இருக்கிறதாம். முதல் தடவை அதே கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் முத்திரையைப் பற்றிப் பேசினார்! எதுவும் பேசாமல் வந்துவிட்டேன், உரிமம் அவர் கையில் அல்லவா இருக்கிறது. நீங்கள் போகும்போது கவுன்டரிலேயே நின்று, "சார், கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இப்போது பெல்ட். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற ரேஸ் பெல்ட்டில் ஒவ்வொரு பட்டையிலும் லேபிள் இருக்கும், எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்பதும் அதில் இருக்கும். நான் வாங்கியது ஏற்கெனவே ரேஸில் ஓடிய கார். சீசனின் முதல் போட்டியில் ஸ்க்ரூட்டினியரிங், அதாவது ரேஸுக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனை, செய்தவர் தோள் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டினார். அடுத்த போட்டியில் வேறொருவர். அவர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, மடங்கிக் கிடந்த இடுப்புப் பட்டை லேபிளை வெளியே எடுத்தார். தோள் பட்டைகள் புதிது, இடுப்புப் பட்டை பழையது. எப்போதோ யாரோ பாதி செட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விதிப்படி அவர் செய்தது சரிதான், வெயிலிலும் வியர்வையிலும் பட்டையின் பலம் குறையும், தையல் இற்றுப்போகும், அதற்குத்தான் அந்த ஆண்டுக் கணக்கு. என் ஆத்திரமெல்லாம் முதலில் ஒட்டிய ஸ்டிக்கர் மேல். அன்றே சொல்லியிருந்தால் நிதானமாக ஒரு செட் வாங்கியிருப்பேன். இப்போது, தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்கு எல்லோரும் வரிசை கட்டி நிற்கும்போது நான் பேடாக்கில், அணிகள் கூடாரம் போட்டிருக்கும் இடத்தில், ஒவ்வொரு டென்ட்டாகப் போய் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொடுத்தது யார் தெரியுமா? சாம்பியன்ஷிப்பில் எனக்கு நேர் மேலே இருந்த அணி. மாட்டிவிடவும் அவர்களுடைய மெக்கானிக்கே வந்தார். தகுதிச் சுற்று போனது போனதுதான், கடைசி வரிசையில் நின்று தொடங்கினேன். பழைய கார் வாங்குகிறீர்கள் என்றால் இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்பு இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கைக்கும் இதே கதை: எஃப்.ஐ.ஏ. 8855-1999 லேபிள் உள்ள இருக்கைக்குத் தயாரித்த தேதியிலிருந்து 5 ஆண்டுதான் கணக்கு. நெருப்பணைப்பானுக்கும் சர்வீஸ் தேதி பார்ப்பார்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் நான் தப்பித்தேன், எனக்குப் பக்கத்துக் கூடாரத்துப் பையன் தப்பிக்கவில்லை. விலை உயர்ந்த, பளபளப்பான ஹெல்மெட்தான், ஸ்னெல் என்ற தரச் சான்று ஸ்டிக்கரும் இருக்கிறது, ஆனால் 'எம்' பிரிவு, அதாவது மோட்டார் சைக்கிளுக்கானது. காருக்கு 'எஸ்.ஏ.' பிரிவு வேண்டும். எஸ்.ஏ. ஹெல்மெட்டுக்குத் தீச் சோதனை உண்டு, ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக்கூண்டு) கம்பியில் மோதினால் என்ன ஆகும் என்ற சோதனையும் உண்டு, பைக் ஹெல்மெட்டுக்கு இவை கிடையாது. கடைக்காரர் "ரேஸிங் ஹெல்மெட்" என்று சொல்லித்தான் விற்றாராம். எந்த ரேஸ் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எஸ்.ஏ. தரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்பதால் தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் போகப்போகிற பதிப்பாக இருக்கும், உங்கள் போட்டி எதுவரை ஏற்கும் என்று விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹேன்ஸ், அதாவது மோதலில் தலை முன்னால் பாயாமல் பிடித்துக் கழுத்தைக் காக்க தோளில் போடும் சாதனம், அதை மாட்டும் கொக்கி வைத்த ஹெல்மெட்டாகவே பாருங்கள். அது அசௌகரியம்தான், எனக்கும் முதலில் தோள் எலும்பு தேய்ந்தது. 2001-ல் அமெரிக்காவின் டேடோனா ரேஸில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவால், அன்று அவர் ஹேன்ஸ் போட்டிருக்கவில்லை. ஃபார்முலா ஒன் 2003-ல் அதைக் கட்டாயமாக்கியது. தோள் தேய்ந்தால் தேயட்டும்.

இன்னொன்று, சூட்டுக்கு உள்ளே நைலான் பனியன் போடாதீர்கள். தீயில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்க்ரூட்டினியர் என் காலரை இழுத்து உள்ளே என்ன போட்டிருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார், எனக்கு ஸ்கூல் பி.டி. வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது.

ரேஸ்கள் எப்படிப் போயின என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நடுவரிசை. ஒரு ரேஸில் உள்பக்கம் இடமே இல்லாத இடத்தில் ஒருவர் மூக்கை நுழைத்து என் பின் சக்கரத்தில் இடித்து என்னைச் சுழற்றிவிட்டார். கேமராவில் அத்தனையும் பதிவாகியிருக்கிறது. கந்தலான பம்பரோடு பிட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, புகார் கொடுக்க ரேஸ் அலுவலகத்துக்குப் போனால், முடிவுப் பட்டியல் இன்னும் வரவில்லை, அப்புறம் வாருங்கள் என்றார் அங்கிருந்தவர். போய் கார் வேலை பார்த்துவிட்டு வந்தால், பட்டியல் எப்போதோ ஒட்டியாயிற்றாம், புகாருக்கான நேரம் தாண்டிவிட்டதாம். முடிவு வெளியானதிலிருந்து அரை மணி நேரம், எழுத்தில், கட்டணத்தோடு, அதுதான் விதி. "அப்புறம்" என்று சொன்னவரிடம் கேட்டால் அவர் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் எங்கள் ஆட்களில் ஒருவர் அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். சிரித்தார்கள். சீசன் கடைசியில் இரண்டு அணிகள் எங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டன.

பலகை என்றதும் ஞாபகம் வருகிறது, ஓட்டுநர் கூட்டத்துக்குப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வந்த ஒருவருக்கு அபராதம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

எடைச் சோதனையில் ஒரு சின்ன வெற்றி உண்டு. ரேஸ் முடிந்து பார்க் ஃபெர்மேவில், அதாவது சோதனைக்காகக் கார்களை நிறுத்திவைக்கும் இடத்தில், காரையும் ஓட்டுநரையும் சேர்த்து எடை போடுவார்கள், குறைந்தபட்ச எடைக்குக் கொஞ்சம் கீழே போனாலும் முடிவு ரத்து. பெட்ரோல் எரிந்திருக்கும், டயர் தேய்ந்திருக்கும், ஓட்டுநரும் வியர்த்து இளைத்திருப்பார். அதனால் கொடி விழுந்த பிறகு வரும் மெதுவான சுற்றில், எல்லோரும் ஓட்டும் வேகமான பாதையான ரேஸ் லைனை விட்டு வெளியே, டயர் ரப்பர் துணுக்குகள் உதிர்ந்து கிடக்கும் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன். சூடான டயரில் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். ஃபார்முலா ஒன்னில் செய்வதைப் பார்த்துக் கற்றதுதான். தராசில் மயிரிழையில் தேறினேன். எனக்கு முன்னால் வந்தவர் தேறவில்லை, அந்த இடம் எனக்கு வந்தது. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

ஒரே ஒரு கோப்பை, அது மழை தந்தது. காய்ந்த தரையில் எல்லோரும் ஓட்டும் லைனில் ரப்பர் படிந்திருக்கும், மழை பெய்தால் அந்த இடம்தான் சோப்புத் தரை மாதிரி ஆகிவிடும். வேகமான கார்கள் பழக்க தோஷத்தில் அதே லைனில் வழுக்கிக்கொண்டிருக்க, நான் வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். பார்க்க முட்டாள்தனமாக இருக்கும், பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. பிரேக் ஆயிலையும் ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு மாற்றிவிடுவேன். டாட் 4 ஆயிலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்ச கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரி. அந்த வித்தியாசம் நேர்ச்சாலை முடிவில் பெடல் தரைக்குப் போகும்போதுதான் புரியும், அப்போது புரிந்து பிரயோஜனம் இல்லை.

சரி, கனவுக்கு வருவோம். பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிரான்கோர்ஷாம்ப்ஸ் டிராக்கில் ஒரு அமெச்சூர் நீண்டதூர ரேஸில் பகிர்ந்து ஓட்டும் இருக்கை கிடைத்தது. 7.004 கி.மீ. டிராக், சின்ன வயதிலிருந்து டிவியில் பார்த்த ஓ ரூஜ், ராடியோன் வளைவுகளின் ஏற்றம். காசு கட்டி, டிக்கெட் போட்டு, பெட்டியும் கட்டியாயிற்று. அப்போது அணியிலிருந்து கேட்கிறார்கள்: உங்கள் நாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம் எங்கே? உரிமம் தந்த அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டில் ரேஸ் ஓட்டக்கூடாது என்பது சர்வதேச விதி. உரிமம் தந்த அன்று ஒருவராவது இதைச் சொன்னார்களா? இல்லை. அலுவலகத்துக்கு போன் மேல் போன். கையெழுத்துப் போட வேண்டியவர் வேறொரு போட்டிக்குப் போயிருக்கிறார், அவர் வந்தால்தான் என்றார்கள். கடைசியில் அவர் இருந்த போட்டிக்கே ஆளைப் பிடித்து, அங்கேயே கையெழுத்து வாங்கி, ஸ்கேன் என் போனுக்கு வந்து சேர்ந்தபோது நான் விமான நிலையத்தில் இருந்தேன். வெளிநாட்டில் ஓட்டும் எண்ணம் துளி இருந்தாலும் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேளுங்கள், டிக்கெட்டெல்லாம் பிறகு.

ராடியோனைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: டிவியில் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. மேலே போகும்போது முன் கண்ணாடியில் வானம் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் சாலை இருக்கிறது என்று நம்பி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருக்க வேண்டும். முதலில் எடுத்தேன். கடைசி முறை ஓட்டியபோது கொஞ்சமாகத்தான் எடுத்தேன். டிராக்கின் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில் என்று சொல்வார்களே, அதுவும் நிஜம்.

அவ்வளவு தூரம் போய்விட்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. அதன் பழைய வடக்குச் சுற்றான நார்ட்ஷ்லைஃபே, 20.832 கி.மீ., 1927-ல் திறந்தது, 1976-ல் நிக்கி லௌடா நெருப்பில் சிக்கிய பிறகு ஃபார்முலா ஒன் அந்தச் சுற்றில் ரேஸ் நடத்தவே இல்லை. பொதுமக்களுக்குத் திறக்கும் நேரங்களில் காசு கட்டி நாமே ஓட்டலாம். ஆனால் விமான நிலையத்தில் எடுக்கும் வாடகைக் காரைக் கொண்டு போகாதீர்கள், ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும், காப்பீடு செல்லாது. ரிங்குக்கென்றே கார் வாடகைக்கு விடுபவர்களிடம்தான் எடுக்க வேண்டும். சேதமானால் நம் பங்கு எவ்வளவு என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தடுப்புக் கம்பியை வளைத்தால் அதற்கும் பில் வரும், இழுத்து வரும் வண்டிக்கும் பில் வரும். அங்கே ஜெர்மன் சாலை விதிதான், முந்துவது இடப்பக்கமாக மட்டும், நேரம் அளக்கக்கூடாது.

நான் வரிசையில் நின்று கேட்டை நெருங்கியபோது எங்கோ விபத்து, டிராக் மூடப்பட்டது. திறந்தார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடினார்கள், அப்புறம் மூடுபனி. வெறும் கையோடு விடுதிக்குத் திரும்பினேன். மறுநாள் கிடைத்த சுற்றில் அடெனாவர் ஃபார்ஸ்ட் வளைவில் எனக்கு முன்னால் போனவர் நேராகப் புல்லுக்குப் போய்விட்டார், முதல்முறை வருகிறவர்களை அந்த இடம் அப்படித்தான் ஏமாற்றும், பார்வைக்கு நேர்ச்சாலை போல இருக்கும். நான் நிதானமாகவே ஓட்டினேன். கரூசெல் என்ற வளைவின் காங்க்ரீட் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் கார் தடதடவென்று ஆட, ஹெல்மெட்டுக்குள் கத்திவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது சக்கர விளிம்பில் கீறல் என்று முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். எடுப்பதற்கு முன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து எடுத்த வீடியோவைக் காட்டினேன், அதே கீறல் அதில் பளிச்சென்று இருந்தது. கீறலுக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது டயர் தேய்மானம் என்று புதுக் கணக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் டயர் தேய்மானம் வாடகையில் சேர்ந்தது என்று தெளிவாக இருக்கிறது, அந்தப் பக்கத்தை வட்டம் போட்டுத் திரும்ப அனுப்பிவிட்டேன், அந்தக் கணக்கை ரத்து செய்யும்வரை விடுவதாக இல்லை.