மாட்டுங்கா பரணிலிருந்து இறங்கிய பச்சைக் கார்

"கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், கண்ணு. பரணில் உன் மாமாவின் கார்ப் பெட்டி இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லையென்றால் பழைய சாமான்காரனிடம் போய்விடும்." மும்பை மாட்டுங்காவிலிருந்து அத்தை தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். அன்று மாலையே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அந்தப் பெட்டியை எட்டு வயதில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். மாமா கப்பலில் பொறியாளராக இருந்தவர். விடுமுறைக்குப் போயிருந்தபோது மூடியைத் திறந்து காட்டினார். தொடக்கூடாது என்று சொல்லி மறுபடியும் மூடிவிட்டார். உள்ளே இருந்த பச்சை நிறக் கார் அப்படியே மனதில் தங்கிவிட்டது. இன்று கோவையில் என் மாடி அறை முழுவதும் பழைய ஸ்லாட் கார்கள்தான். அலுவலகம் விட்டு வந்ததும் அவற்றைப் பிரிப்பதும் துடைப்பதும் ஓட்டுவதுமாக என் மாலைகள் போகின்றன. எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பச்சைக் கார்.

ஸ்லாட் கார் ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் துண்டு துண்டாகப் பொருத்தும் பாதையின் நடுவே ஒரு காடி ஓடும். காடியின் இரு விளிம்புகளிலும் மெல்லிய உலோகப் பட்டைகள், அவற்றில் 12 வோல்ட் மின்சாரம். காரின் மூக்குக்கு அடியில் உள்ள சிறிய நாக்கு காடிக்குள் இறங்கி வழி பிடித்துக்கொள்ளும். நாக்கின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டைகளைத் தடவியபடி மின்சாரம் வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். ஸ்டீயரிங் கிடையாது. வேகம் மட்டுமே நம் கையில். வளைவில் அளவு தெரியாமல் அழுத்தினால் கார் பறந்துவிடும்.

கோவையிலிருந்து குர்லா போகும் ரயில் ஓசூர், பெங்களூரு, சோலாப்பூர், புனே என்று ஊர் ஊராகக் கடந்து போனது. ஜூலை மாதம் என்பதால் லோனாவாலாவுக்குப் பிறகு மலையெங்கும் அருவிகள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கோ ஈரக்காற்று முகத்தில் அடித்தபோது ஒரே கவலை: மும்பையின் உப்புக் காற்றில் இத்தனை ஆண்டுகள் கிடந்த மோட்டார் என்ன ஆகியிருக்கும்? குர்லாவிலிருந்து ஆட்டோ சயான் வரைதான் வரும், அதற்கு மேல் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. இறங்கி டாக்ஸி பிடித்து மாட்டுங்கா போய்ச் சேர்ந்தேன். தெரு முனையில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் வைத்துத் தமிழில் விலை சொல்லிக்கொண்டிருந்த பூக்காரம்மாவைக் கடந்ததும் அத்தை வீட்டுப் படிக்கட்டு.

பெட்டியை அத்தை ஏற்கெனவே இறக்கி, பழைய வேட்டி ஒன்றின் மேல் வைத்திருந்தார். மூடியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரும் ட்ரை-யாங் முத்திரையும். இந்தப் பொம்மையை உருவாக்கிய பிரெட் பிரான்சிஸ் முதலில் 1952-இல் சாவி கொடுத்து ஓடும் தகரக் கார்களைத்தான் விற்றார். அவற்றுக்குள் மின் மோட்டாரைப் பொருத்தி, 1957 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே நிறுவனம் ட்ரை-யாங் பொம்மைகளைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸின் கைக்குப் போனது. பிளாஸ்டிக் கார்கள் 1960-இல் வந்தன. நம் பெட்டியில் இருந்த இரண்டும் பிளாஸ்டிக்: ஒரு லோட்டஸ், ஒரு வான்வால். வான்வால்தான் என் பச்சைக் கார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தயாரிப்பாளர்களுக்கென்று 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சாம்பியன் பட்டத்தை வென்ற காரின் சிறிய வடிவம். மாமா 1964-இல் லண்டனில் வாங்கியது என்று அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுக்குத் திருமணமான ஆண்டு அது.

காரைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன். ஓட்டுநர் பொம்மைக்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு புளியங்கொட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகக் கண்கள்.

அன்றிரவே காரைப் பிரித்தேன். கைக்கு அடக்கமான திருப்புளி, பல் குத்தும் குச்சி, பஞ்சு சுற்றிய குச்சிகள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தையல் மெஷின் எண்ணெய். இவை இல்லாமல் நான் ஊரை விட்டுக் கிளம்புவதே இல்லை. மேல்கூட்டைச் சோப்பு கலந்த தண்ணீரில் மெல்லிய தூரிகையால் மட்டும் கழுவினேன். பெயின்ட் கடைத் தின்னரையோ நகப்பூச்சு நீக்கியையோ இந்தப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உருகிவிடும், பிறகு அழுதாலும் திரும்பாது. பின் சக்கர டயர்கள் கல்லாக இறுகி வெடித்திருந்தன. செம்புப் பின்னல்கள் கருத்து, தொட்டதும் உதிர்ந்தன.

மோட்டார்தான் உயிர். அச்சின் இரு முனைகளிலும் ஊசி முனையால் ஒரே ஒரு துளி எண்ணெய் வைத்துக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் அச்சு விரலுக்கு அசைந்தது. எண்ணெய் அதற்கு மேல் போகக்கூடாது. சுழலும் கம்பிச் சுருள்களுக்கு, அதாவது காயில்களுக்கு, மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டரில் பட்டால் கார்பன் தூளோடு குழைந்து கரும்பசையாகிவிடும். கம்யூட்டேட்டரின் மூன்று செம்புத் துண்டுகளையும் ஆல்கஹாலால் துடைத்து, நடுவிலிருந்த இடுக்குகளைக் குச்சியால் நீவி எடுத்தேன். பிறகு 9 வோல்ட் பேட்டரியை வைத்துப் பார்த்தேன். மோட்டார் திணறியது. சில நிலைகளில் நின்றால் கிளம்பவே இல்லை. விரலால் சுண்டிவிட்டால் ஓடியது, ஆனால் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் நீலப் பொறி.

மீட்டரை எடுத்து மூன்று துண்டுகளுக்கிடையே மின்தடையை அளந்தேன். இரண்டு ஜோடிகளில் ஒரே எண், மூன்றாவதில் அதற்குச் சரியாக இரு மடங்கு. மூன்று காயில்களும் ஒன்றோடொன்று முக்கோணமாக இணைந்திருப்பவை. எல்லாம் நன்றாக இருந்தால் மூன்று ஜோடிகளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று அறுந்தால் அதன் ஜோடியில் மின்சாரம் மற்ற இரண்டையும் சுற்றிக்கொண்டுதான் வர முடியும். அதனால்தான் இரு மடங்கு. ஆக, ஒரு காயில் போய்விட்டது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பின்னலுக்காக லாமிங்டன் ரோடு போனேன். சால்டரை உறிஞ்சி எடுப்பதற்கென்று விற்கும் செம்புப் பின்னலே நமக்குப் போதும். அதில் ஏறியிருக்கும் ஃபிளக்ஸை, அதாவது ஈயம் ஒட்ட உதவும் பசையை, ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழுவிவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். நாக்தேவி தெருவில் டயருக்குப் பதிலாகப் பொருந்தும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் கிடைத்தன. அப்படியே நடந்து சோர் பஜாருக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே தெருவே சந்தையாகிவிடுகிறது. கோணி விரிப்புகளில் கடிகார முட்களும் கேமரா லென்ஸ்களும் ஒற்றைச் செருப்புகளும்கூடக் கிடக்கும். ஒரு விரிப்பில் பழைய தகரக் கார் ஒன்று. ஓடிப் போய் எடுத்தேன். யாரோ அதன் மேல் புத்தம் புதிய சிவப்பு எனாமலை அப்பியிருந்தார்கள். பழைய எழுத்து, எண், குழந்தைக் கைகள் தேய்த்த தடம் எல்லாம் அந்தச் சிவப்புக்கு அடியில் புதைந்துபோயிருந்தன. பளபளப்புக்காக விலையும் அதிகம். திருப்பி வைத்துவிட்டேன். இந்தப் பொழுதுபோக்கில் என்னால் பொறுக்கவே முடியாத ஒரு செயல் உண்டென்றால் அது இதுதான். தேய்ந்த டயரை மாற்றலாம், பின்னலை மாற்றலாம். அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அந்தக் காரோடு வாழ்ந்தவர்களின் அடையாளத்தை அழிக்க நமக்கு உரிமை கிடையாது.

சனிக்கிழமை தாராவி. தொண்ணூறு அடி சாலையில் இறங்கினால் கடைப் பலகைகளும் காதில் விழும் பேச்சும் நம் ஊராகவே இருக்கின்றன. அத்தையின் மிக்சிக்கு வழக்கமாகக் காயில் கட்டித் தரும் அண்ணாச்சியின் கடை உள்ளே ஒரு சந்தில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவராம். சுவர் முழுவதும் மின்விசிறிச் சுருள்கள், காற்றில் வார்னிஷ் வாசனை. நான் நீட்டிய மோட்டாரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"மூன்றையும் புதிதாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள், அண்ணாச்சி" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கடிகாரக்காரர் அணியும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, காயில்கள் சுற்றியிருக்கும் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை மெல்ல வெளியே இழுத்தார். இழுத்த கையோடு டிரான்ஸ்பார்மருக்குள் அடுக்கும் இரும்புத் தகடு ஒன்றை எடுத்துக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தார். நான் வியந்துபோனேன். ஆர்மேச்சரை வெளியே எடுத்தால் அந்தக் காலத்து உலோகக் காந்தங்களில் பல வலுவிழந்துவிடும். இரும்புப் பாலம் ஒன்று போட்டு வைத்தால் தாங்கும். நான் பல மோட்டார்களைக் கெடுத்த பிறகு கற்ற பாடம் இது. அவர் கை அதை யோசிக்காமலே செய்தது.

"தம்பி, இதைக் கட்டியவன் நல்ல வேலைக்காரன். இதை ஏன் பிரிக்க வேண்டும்?" என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்தார். முடியளவு மெல்லிய எனாமல் கம்பி, கம்யூட்டேட்டரில் ஈயம் வைத்த இடத்துக்குச் சற்று முன்பாக அறுந்து, பச்சைக் களிம்பு பூத்து நின்றது. சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முனைதான் அரித்துப் போயிருந்தது. முனை எட்டாததால் அந்தக் காயிலில் ஒரே ஒரு சுற்றைப் பிரித்து நீளம் எடுத்தார். பிளேடு நுனியால் எனாமலைச் சுரண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். கூடவே நானும். அழுத்தம் சற்றுக் கூடியிருந்தால் கம்பி மறுபடியும் அறுந்திருக்கும். ஈயம் ஒரு மணி, கடுகைவிடச் சிறியது. அதன் மேல் ஒரு சொட்டு வார்னிஷ். மீட்டரில் மூன்று ஜோடிகளும் ஒரே எண்ணைக் காட்டின.

மூன்று காயில்களையும் கட்டியிருந்தால் அவருக்குக் கூலி பல மடங்கு வந்திருக்கும். 150 ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்து முடிக்கும் வரை மோட்டாரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு காலை கூடத்துச் சோபாவை ஒதுக்கிப் பாதையை விரித்தேன். பட்டைகளின் துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெட்டியோடு வந்த டிரான்ஸ்பார்மரை நான் தொடவில்லை. அறுபது ஆண்டுப் பழைய காப்புறையை நம்பி யாரும் வீட்டு மின்சாரத்தில் செருகக்கூடாது. அத்தை வீட்டு இணையப் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தது. அதை எடுத்து மாட்டினேன். கட்டைவிரலால் அழுத்தும் கைப்பிடியைப் பதமாக அழுத்தினேன். வான்வால் பின்பக்கமாக நகர்ந்தது. கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றினேன். இம்முறை முன்னால் பாய்ந்தது. சூடான எண்ணெயும் பொறியும் கலந்த அந்த வாசனை கூடமெங்கும் பரவியது.

அத்தை அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார். "இந்த வாசனை..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "தலை உடைந்த அன்று அவர் சாப்பிடவே இல்லை, கண்ணு. புளி கரைக்கும்போது கையில் அகப்பட்ட கொட்டையை நான்தான் ஒட்டினேன். கண்ணை அவர் வைத்தார்."

அசல் போலவே செய்த தலைகள் இப்போது வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஒன்று வாங்கிப் பொருத்தலாமா என்று ரயிலில் வரும்போது கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கைப்பிடியை அத்தையிடம் நீட்டினேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் அதைப் பிடித்ததில்லையாம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் துணிச்சல் வந்துவிட்டது. மூன்றாவதில் கார் வளைவில் பறந்து சோபா காலில் மோதியது. ஓடிப் போய் எடுத்துப் பார்த்தேன். கொட்டை அசையவில்லை.

"வை, வை, இன்னொரு முறை" என்றார் அத்தை.

கட்டடம் எழும்பும் வரை அத்தை செம்பூரில் வாடகைக்கு இருக்கப் போகிறார். வான்வாலையும் பாதையையும் அவரிடமே விட்டுவிட்டேன். எண்ணெய் எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்பதைப் பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு கோவைக்கு வந்தது லோட்டஸ் மட்டும், அத்தையின் எவர்சில்வர் டிபன் டப்பாவில், வேட்டித் துணி சுற்றி. அதன் மோட்டாரை இன்னும் திறக்கவில்லை.