ஆய்வுத் தலைப்பு பாட்டியின் தகரப்பெட்டியில் இருந்தது

சட்டக் கல்லூரி ஆசிரியராக ஆசைப்படும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டைப் பற்றித்தான். 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒன்றையும் விடாதீர்கள். முதல் முறை சட்டத்தாளை மட்டும் படித்துப் போய், பொதுத்தாளில் கோட்டைவிட்டேன். அடுத்த முறை தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதற்கே ஒதுக்கினேன், தேறிவிட்டேன்.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். முனைவர் பட்டத்துக்கு ‘சர்வதேசச் சட்டத்தில் பெண்ணுரிமை’ என்று எழுதிக்கொண்டு போனேன். நெறியாளர் படித்துவிட்டு, “இதை யாரும் எழுதலாமே அம்மா. தக்கலைக்காரி நீ எழுத வேண்டியது எது?” என்றார்.

அந்த வாரம் பாட்டியின் தகரப்பெட்டியைத் திறந்தேன். மலையாள எழுத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு போட்ட பாகப்பத்திரம். ஆண்மக்களுக்குத் தோப்பும் வயலும். பாட்டி பெயருக்கு எதிரே, ஸ்ரீதனம் (கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்) பெற்றுக்கொண்டாள் என்று ஒரே வரி.

அது திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டத்தின் வரி. கொல்லம் 1092, அதாவது 1916இல் வந்த சட்டம். மகளுக்கு, மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் கிடையாது. முன்பு திருவிதாங்கூரில் இருந்த நாம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இது செல்லுமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. 1986இல், கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், உயில் இல்லையென்றால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. வழக்கு கேரளத்தில் பிறந்தது, ஆனால் இரணியல், குழித்துறைத் தோப்புகளுக்கும் அதுவே சட்டம்.

சரி, அப்படியென்றால் மகள்கள் ஏன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்? என் அம்மாவும் போட்டவர். கேட்டேன். “அண்ணன் வீட்டு வாசல் அடைஞ்சிருமே மக்ளே” என்றார். தீர்ப்புகளில் எங்கும் இல்லாத அந்தப் பயம்தான் என் ஆய்வு. இன்றும் வகுப்பில் வாரிசுரிமைப் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பழைய பத்திரங்களை வேறு ஒருவர் வாசித்துச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.